பதவி உயர்வும் பழகிய பணியும்

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற மஹல்லா கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தம் கணவர் வழியாக ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறார். காலையில் விருத்தாசலம் பேருந்தைப் பிடித்தால் முறை முடிந்து வீடு திரும்பிவிடலாம். பழகிய வார்டு, பழகிய மருத்துவர்கள், பெயர் சொல்லி நலம் கேட்கும் நோயாளிகள். இப்போது அவருக்குச் செவிலியர் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு வருகிறது. ஆனால் வேறு ஊர். கணவர், "போ" என்கிறார். மாமியார், "பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்கிறார். அவர் தம் கைப்பட எழுதியிருப்பது வேறொன்று. "ஹஜ்ரத், எனக்கு ஊசி போடத் தெரியும், புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரியும். நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கத் தெரியுமா என்று எனக்கே தெரியவில்லை. இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருக்கிறேன். இந்த நிம்மதியை விடுவது சரியா?"

அவருடைய அனுமதியுடனே இக்கேள்வியை இங்கே பொதுவில் வைக்கிறோம். மஹல்லாவில் செவிலியர் பயிற்சி முடித்தவர்களும் பயின்று கொண்டிருப்பவர்களும் பலர் இருக்கின்றனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் இக்கேள்வி வரத்தான் போகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது ஹலாலா ஹராமா என்ற கேள்வி அன்று. இரண்டும் அனுமதிக்கப்பட்டவையே. போனாலும் குற்றமில்லை, நின்றாலும் குற்றமில்லை. ஆகவே ஃபத்வா எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்று ஏமாற்றந்தான். இங்கே நாம் தரக்கூடியது மஷூரா, அதாவது ஆலோசனை மட்டுமே. வெளியூரில் தங்குவது, பயண தூரம் ஆகியவை பற்றிய மார்க்கச் சட்டங்களை அவரவர் நிலையைக் கேட்டறிந்து தனியே சொல்வோம்.

செவிலியர் பணியில் பதவி உயர்வு என்பது மற்ற வேலைகளில் வருவது போன்றதன்று. தையற்காரர் உயர்ந்தால் பெரிய தையற்காரர் ஆகிறார், துணியை விட்டு விலகுவதில்லை. செவிலியர் உயர்ந்தாலோ நோயாளியின் படுக்கையை விட்டு ஓரடி பின்னால் வைக்கிறார். வார்டில் இருந்தவரைக்கும் சொட்டு மருந்து ஏற்றுவது, காய்ச்சல் அளவைக் குறிப்பது, படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, முறை மாறும்போது அடுத்தவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைப்பது என்று அவர் கை எப்போதும் ஒரு மனிதர் மேல் இருந்தது. கண்காணிப்பாளர் ஆனபின் அவர் கையில் இருப்பது பணிமுறைப் பட்டியல், மருந்து இருப்பேடு, விரிப்புத் துணிக் கணக்கு, விடுப்பு விண்ணப்பங்கள், மருத்துவக் கழிவுகளைப் பிரித்தெடுக்கும் ஒழுங்கு, நோயாளியின் உறவினர் கொண்டுவரும் புகார். வெள்ளை உடை அதேதான், வேலை முற்றிலும் வேறு.

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அச்சில் களிக்குழம்பு ஊற்றிப் பொம்மை எடுப்பது ஒரு கைத்திறன். சூளையின் சூட்டைக் கவனித்து எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று அறிவது வேறு திறன். நன்றாக வார்ப்பவர் நன்றாகச் சூளை பார்ப்பார் என்று எந்தப் பட்டறைக்காரரும் முடிவு கட்டிவிடமாட்டார். மருத்துவமனைகளில் மட்டும் நாம் அப்படி முடிவு கட்டிவிடுகிறோம்.

1969ஆம் ஆண்டு லாரன்ஸ் பீட்டர், ரேமண்ட் ஹல் என்னும் இருவர் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினர். ஒருவர் தம் வேலையை நன்றாகச் செய்தால் மேலே ஏற்றுகிறார்கள். அங்கும் நன்றாகச் செய்தால் மீண்டும் ஏற்றுகிறார்கள். எந்த இடத்தில் அவரால் இயலவில்லையோ அந்த இடத்தில் ஏற்றம் நின்றுவிடுகிறது, அவர் அங்கேயே தங்கிவிடுகிறார். பாதி நகைச்சுவையாக எழுதப்பட்டதுதான். ஆயினும் நம்மூர் அலுவலகங்களைப் பார்த்தவர்கள் முழுதும் நகைச்சுவை என்று தள்ளிவிட முடியாது. 1984இல் பாட்ரிசியா பென்னர் என்னும் அமெரிக்கச் செவிலியர் பேராசிரியை இன்னும் ஆழமாக எழுதினார். புதிதாய் வந்தவர் வல்லுநராக ஆவதற்கு இடையே ஐந்து படிகள் உள்ளன என்றும், அந்த வல்லமை நோயாளியின் பக்கத்திலேயே பல ஆண்டுகள் இருந்து விளைவது என்றும் காட்டினார். அனுபவமிக்க செவிலியர் நோயாளியின் முகத்தைப் பார்த்தே, கருவி காட்டுவதற்கு முன், இவர் நிலை கெடப்போகிறது என்று உணர்ந்துவிடுகிறார். அத்தகையவரை மேசைக்கு அனுப்பினால் படுக்கையருகே அந்தக் கண் இல்லாமற் போகிறது. ஆகவே பக்கத்தில் நிற்பவருக்கும் மதிப்பும் ஊதியமும் உயரவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. நம் சகோதரி, "இருக்கிற இடத்தில் இருக்கிறேன்" என்று சொன்னால் அது சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. செவிலியர் என்றதும் உலகம் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரையும் அவர் கையிலிருந்த விளக்கையும் நினைக்கிறது. 1853இல் அவர் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய இல்லத்தின் கண்காணிப்பாளராக அமர்ந்தார். வசதியான வீட்டுப் பெண், தந்தை ஆண்டுதோறும் பணம் தந்தார், ஊதியம் பெறாமலே பணி செய்தார். ஓராண்டு கழித்துக் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அதைவிடப் பெரிய பொறுப்பு பற்றிய பேச்சும் நடந்து வந்தது. அந்த நேரத்தில்தான் கிரிமியப் போர். 1854 அக்டோபரில் 38 பெண்களுடன் புறப்பட்டு நவம்பர் 4ஆம் நாள் உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லின் எதிர்க்கரையில், உஸ்குதாரில் உள்ள ஸலீமிய்யா படைவீட்டு மருத்துவமனையை அடைந்தார். சுல்தானின் அரசு ஆங்கிலேயருக்குக் கொடுத்திருந்த கட்டடம் அது. இன்றும் நிற்கிறது.

அங்கே அவர் பெரும்பாலும் செய்தது என்ன? சமையற்கூடம் அமைத்தார், சலவைக்கு ஏற்பாடு செய்தார், சட்டையும் துடைப்பமும் வாங்கக் கணக்கெழுதினார், அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார், செவிலியர்களுக்கு இடையே எழுந்த பூசல்களைத் தீர்த்தார். அப்படியிருந்தும் முதல் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் 100க்கு 42 பேர் இறந்ததாகக் கணக்கு. கட்டடத்தின் அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது, குடிநீர் வரும் வழி அசுத்தப்பட்டிருந்தது, காற்றோட்டம் இல்லை. மார்ச் மாதம் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சாக்கடையைத் தூர்வாரி, காற்று வர வழி செய்த பின்னரே எண்ணிக்கை சரிந்தது. ஜூன் மாதத்தில் 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கிற்று. விளக்கு ஏந்தி ஒவ்வொரு படுக்கையாக நடந்தது உண்மை, அதில் ஆறுதல் பெற்றோரும் பலர். உயிரைக் காத்தது பெரிதும் சாக்கடை வேலை. அதை மறைக்காமல், ஊர் திரும்பியபின் அந்த எண்களையே வண்ணப் படங்களாக வரைந்து அரசுக்குக் காட்டினார் அந்த அம்மையார். 1859இல் வெளிவந்த தம் சிறு நூலில், பொறுப்பில் இருப்பவர் தாம் இல்லாதபோதும் தாம் இருந்தால் நடக்கக்கூடியது நடக்கும்படி ஏற்பாடு செய்துவைக்க வேண்டும் என்பதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். கண்காணிப்பாளர் பணி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

எனவே, "மேலே போனால் நோயாளிக்குச் சேவை செய்ய முடியாது" என்பதும் முழு உண்மை அன்று. இரவு முறையில் ஆள் குறையாமல் பார்ப்பவர், கை கழுவும் சோப்பு தீராமல் பார்ப்பவர், எல்லாப் படுக்கைகளுக்கும் சேவை செய்கிறார். ஒரு வேறுபாடுதான். யாரும் அவருக்கு நன்றி சொல்ல வரமாட்டார்கள். குணமடைந்து வீட்டுக்குப் போகும் பாட்டி வார்டு செவிலியரின் கன்னத்தைத் தடவித் துஆ செய்துவிட்டுப் போவார். மேசையில் இருப்பவரிடம் வருவது புகார்தான். அந்தத் துஆ இல்லாமல் தம்மால் வேலை செய்ய இயலுமா என்பதைச் சகோதரி தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். அற்பமாகத் தோன்றலாம். அற்பமன்று.

நம் வரலாற்றிலும் செவிலியர் பணி புதிதன்று. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மருத்துவம் பார்க்க ஒப்படைத்தது ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியிடம். கூடாரம் பள்ளிவாசலிலேயே அமைக்கப்பட்டது. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய பெரிய மருத்துவமனையில் ஆண் நோயாளிகளுக்கு ஆண்களும் பெண் நோயாளிகளுக்குப் பெண்களும் பணிவிடை செய்தனர். இவ்வளவு இருந்தும், நம் வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்வரை, "நர்சு வேலையா?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களே தம் மகளைப் பிரசவத்திற்குச் சேர்க்கும்போது, "நம்ம பெண் யாராவது அங்கே வேலை பார்க்கிறாளா?" என்று நம்மிடம் விசாரித்ததும் உண்டு. அது போகட்டும்.

பதவியை ஏற்பதா மறுப்பதா என்னும் வினாவில் நம் முன்னோர் இருவரை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. நம்மில் பலர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபா நகரில் துணி வாணிபம் செய்தவர். அப்பாஸிய கலீஃபா மன்ஸூர் அவர்களை நீதிபதியாகும்படி வற்புறுத்தினார். தமக்குத் தகுதியில்லை என்றார்கள் இமாமவர்கள். "பொய் சொல்கிறீர்" என்றார் கலீஃபா. பொய் சொல்பவன் நீதிபதியாக இருக்க இயலாதே என்று மறுமொழி சொன்னார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஹிஜ்ரி 150, அதாவது கி.பி. 767இல் பாக்தாதில் மறைந்தார்கள். அவர்களுடைய தலைமாணவர் அபூயூஸுஃப் (ரஹ்) ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஆசிரியர் மறுத்த அதே பொறுப்பை ஏற்று, பின்னர் ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார். வரி வசூலில் குடிமக்களுக்கு அநீதி நேராதிருக்கக் கலீஃபாவுக்கே நூலெழுதிக் கொடுத்தார். ஆசிரியர் செய்தது சரி, மாணவர் செய்தது தவறு என்று நாம் சொல்வதில்லை. மாணவர் செய்தது சரி, ஆசிரியர் வாய்ப்பைத் தவறவிட்டார் என்றும் சொல்வதில்லை. ஒருவர் ஏற்றிருந்தால் எதை இழந்திருப்பார் என்று பார்த்தார். மற்றவர் மறுத்தால் அந்த இடத்தில் யார் உட்காருவார் என்று பார்த்தார்.

பதவியை நீயாகக் கேட்காதே, கேட்டுப் பெற்றால் அதன் பாரம் உன் தலையிலேயே விடப்படும், கேளாமல் வந்தால் உதவி செய்யப்படுவாய் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்கு அறிவுறுத்தியது புகாரீ, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. யூஸுஃப் நபி (அலை) அவர்களோ மிஸ்ரின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றார்கள். பஞ்சம் வரப்போவதை அறிந்திருந்தார்கள், அதைச் சமாளிக்கும் திறனும் தம்மிடம் இருந்ததை அறிந்திருந்தார்கள் என்று விரிவுரையாளர்கள் இதனை விளக்குவர். ஆக, ஆசையால் கேட்பது வேறு, தேவை கண்டு முன்வருவது வேறு. நம் சகோதரி கேட்கவில்லை. பணிமூப்பில் அவர் முறை வந்திருக்கிறது.

ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். நோய்க்கு ஓதிப் பார்ப்பதிலும் எழுத்திலும் தேர்ந்த பெண்மணி. உமர் (ரலி) அவர்கள் கடைவீதிப் பொறுப்பை அவரிடம் கொடுத்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. ஆனால் அந்த அறிவிப்பின் உறுதியை மறுத்த அறிஞர்கள் இருப்பதால் அதன்மேல் நாம் எதையும் கட்டவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்குப் பாராமல் எடுக்கும் முடிவைத் தவக்குல் என்று சொல்லக்கூடாது.

தமிழக அரசுப் பணியில் செவிலியருக்கு அடுத்த படி இரண்டாம் நிலைச் செவிலியர் கண்காணிப்பாளர், அதற்கு மேல் முதல் நிலை. பலரும் நினைப்பது போல ஏறியவுடன் சம்பளம் இரட்டிப்பாகிவிடாது. ஒரே பதவியில் 10 ஆண்டுகள் முடித்தவருக்குத் தேர்வு நிலையும் 20 ஆண்டுகள் முடித்தவருக்குச் சிறப்பு நிலையும் கிடைக்கின்றன. ஆகவே நீண்டகாலம் பணிசெய்த ஒருவர் பதவி உயர்வு பெறும்போது உடனடியாகக் கூடும் தொகை எதிர்பார்த்ததைவிடச் சிறிதாகவே இருக்கும். ஓய்வூதியம், பிற்காலப் படிகள் என்று பார்த்தால் பலன் உண்டு, உடனே இல்லை. தனியார் மருத்துவமனைகளில் நிலை வேறு. அங்கே பதவியின் பெயர் பெரிதாகி, கூடுதல் நேர ஊதியம் நின்றுபோவதும் உண்டு. புதிய பணி ஆணையில் மொத்தத் தொகை என்ன, வேலை நேரம் என்ன, இரவில் அழைத்தால் போகவேண்டுமா என்பவற்றை எழுத்தில் வாங்காமல் சம்மதம் சொல்லக்கூடாது.

கூடும் தொகைக்கு எதிரே செலவை எழுதுங்கள். கடலூரிலோ விழுப்புரத்திலோ அறை வாடகை, வாரந்தோறும் வந்துபோகும் பயணம், இரண்டு அடுப்பு, பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி, வயதான பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துப்போக ஆள். தாளில் எழுதியபின் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். சில வீடுகளில் மிச்சம் ஒன்றுமில்லை என்றே தெரியவரும். அப்போதும் போகலாம், ஆனால் பணத்திற்காகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போகக்கூடாது.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. அரசுப் பணியில் பதவி உயர்வைத் தற்காலிகமாகத் துறந்து, உரிமைவிடல் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குப் பெயர் பரிசீலிக்கப்படாது. பின்னால் வந்தவர் முன்னால் போவார், அவருக்குக் கீழே வேலை செய்யவேண்டி வரும். இன்று மனம் ஒப்புகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, தாம் பயிற்சி கொடுத்த இளையவர் வந்து, "அக்கா, இந்த ஏட்டை இப்படி எழுதுங்கள்" என்று சொல்லும்போதும் ஒப்புமா? காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டபின் அபூஉபைதா (ரலி) அவர்களின் கீழ் அதே களத்தில் நின்றார்கள். எல்லோருக்கும் அந்த மனம் வாய்ப்பதில்லை. வாய்க்காதென்று தெரிந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டியதுதான்.

ஏற்பதானால் எது கடினமாக இருக்கும்? ஏட்டு வேலையைக் கற்றுக்கொள்ளலாம். கடினம் பணிமுறைப் பட்டியலில் இருக்கிறது. இந்திய செவிலியர் மன்றம் பரிந்துரைத்தது கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று. நடைமுறையில் ஒருவர் கையில் எத்தனை நோயாளிகள் என்பதை உள்ளே போய் வந்த அனைவரும் அறிவோம். பற்றாக்குறையான கைகளைத்தான் கண்காணிப்பாளர் பங்கிட வேண்டும். யாருக்கு இரவு முறை, யாருக்குப் பெருநாள் விடுப்பு? நேற்றுவரை ஒரே டிபன் பெட்டியில் சேர்ந்து உண்ட தோழி இன்று, "எனக்கு மட்டும் இந்த வாரம் இரவு போடாதே" என்று கேட்பார். பெருநாளன்று நமக்கு விடுப்பு வேண்டுமானால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்துச் சகோதரிகளுக்கும், கிறிஸ்துமஸுக்குக் கிறித்தவச் சகோதரிகளுக்கும் நாம் நின்று கொடுத்திருக்க வேண்டும். நம் பெண் அந்த நாற்காலியில் அமர்ந்தபின் நம் பெண்களுக்கு மட்டும் பகல் முறை கிடைத்தது என்ற பேச்சு ஒருமுறை வந்துவிட்டால், அது அவரோடு போகாது, நம் அனைவர் மீதும் படியும். பட்டியல் எழுதும் பேனா தராசுமுள்தான். அபூதர் (ரலி) அவர்களைப் பார்த்து, நீங்கள் பலவீனமானவர், பொறுப்பு என்பது அமானிதம் என்று நபியவர்கள் தடுத்ததை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அபூதரைவிட நேர்மையாளர் யார்? நேர்மை இருந்தும், பிறரை நிர்வகிக்கும் வலு வேறு என்று நபியவர்கள் கண்டார்கள். முகம் கோணாமல், குரலுயர்த்தாமல், "இயலாது" என்று சொல்ல வருமா என்பதே நம் சகோதரி தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டிய இடம். வராது என்றால் கற்கலாம். கற்க விருப்பமில்லை என்றால் போகவேண்டாம்.

இன்னொன்று கையொப்பம். மருந்தறைச் சாவி, போதை தரும் வலிநிவாரணி மருந்துகளின் பதிவேடு, பொருள் இருப்பு எல்லாம் அவர் கையொப்பத்தில் நிற்கும். எண்ணிப் பாராமல் பொறுப்பேற்றால் முன்னிருந்தவரின் குறையும் நம் குறையாகும், தணிக்கையில் ஓய்வு பெறும் நாளிலும் தொடரும். ஒவ்வொன்றையும் எண்ணி, குறைவை எழுதி வாங்கிய பிறகே சாவியைத் தொடவேண்டும். மரியாதைக் குறைவு என்று யாரேனும் நினைத்தால் நினைக்கட்டும்.

இப்போது ஆண்களிடம் சில சொற்கள். மனைவியின் சம்பளம் மனைவிக்கே உரியது. குடும்பச் செலவு கணவன் கடமை. அவள் எவ்வளவு சம்பாதித்தாலும் அக்கடமை நீங்குவதில்லை. அவள் மனமுவந்து கொடுப்பது அவளுடைய பெருந்தன்மை. இப்படியிருக்க, மனைவியின் பதவி உயர்வை நம்பி முன்கூட்டியே வீட்டுக்கடன் போடுவது, தங்கையின் திருமணத்திற்கு வாக்குக் கொடுப்பது என்பதெல்லாம் எவ்வளவு தவறு! "போ" என்று சொல்லும் கணவர், தாம் எதற்காகச் சொல்கிறார் என்று தம் நெஞ்சைக் கேட்கட்டும். அவளுடைய திறன் வளரட்டும் என்றா, மாதக்கடைசி எளிதாகட்டும் என்றா? பின்னதும் குற்றமன்று, ஆனால் அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேட்கவேண்டும். "போகாதே" என்று சொல்லும் மாமியாரின் கேள்வியையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது உண்மையான கேள்விதான். ஆனால் அது தாயிடம் மட்டும் கேட்கவேண்டிய கேள்வியா? தகப்பன் என்று ஒருவர் வீட்டில் இருக்கிறாரே! அவர் எழுந்து பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? இரண்டு நாள் சொல்லும்.

ஆலோசனை யாரிடம் கேட்பது? ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் சோர்ந்திருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவி உம்முஸலமா (ரலி) அவர்களின் யோசனைப்படியே நடந்தார்கள், சிக்கல் தீர்ந்தது. நிலைமையை அறிந்தவர் சொல்வதே யோசனை. எனவே அதே பதவியில் இரண்டு ஆண்டுகள் இருந்தவரிடம் கேளுங்கள், அதை மறுத்துவிட்டு வார்டிலேயே இருப்பவரிடமும் கேளுங்கள். போகவிருக்கும் ஊரின் மருத்துவமனைக்கு ஒருநாள் நேரில் சென்று, முறை மாறும் நேரத்தில் சற்று நின்று பாருங்கள். அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும், அங்கே ஒருவர்க்கொருவர் பேசிக்கொள்கிறார்களா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களா என்று. நீங்கள் போவதால் ஆதாயம் பெறுபவரின் யோசனையையும், போவதால் சிரமப்படுபவரின் யோசனையையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றை எடையில் சற்றுக் குறைத்தே வையுங்கள்.

பிறகு இஸ்திகாரா. இதைப்பற்றி நம் மக்களிடையே தவறான எண்ணம் இருக்கிறது. தொழுதுவிட்டுப் படுத்தால் கனவில் பச்சையோ சிவப்போ தெரியும் என்று காத்திருக்கிறார்கள். சிலர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், எனக்காக நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் கனவைப் பற்றிய பேச்சே இல்லை. இரண்டு ரக்அத் நஃபில் தொழுது, இது எனக்கு நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் என்னைவிட்டு விலக்கு, எது நன்மையோ அதில் என் மனத்தை நிறைவாக்கு என்னும் கருத்தில் துஆ செய்வதுதான் இஸ்திகாரா. தேவையுள்ளவரே தொழவேண்டும். அதற்குமுன் விசாரிக்க வேண்டியதை விசாரித்திருக்க வேண்டும். அதற்குப்பின் ஒரு முடிவெடுத்து நடக்க வேண்டும். வழி திறந்தால் போவது, அடைத்தால் நிற்பது. பணி ஆணையில் கொடுத்த நாள் கடந்துவிடும்வரை தொழுதுகொண்டே இருப்பது இஸ்திகாரா அன்று.

சகோதரிக்கு நம்முடைய சொந்தக் கருத்து என்ன என்று கேட்பீர்கள். அவர் எழுதிய கடிதத்தில், "எனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை" என்னும் வரி நம்மை நிறுத்திற்று. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதத் தெரிந்தவர் பொருள் இருப்பை எண்ணாமல் கையொப்பமிடமாட்டார். வீட்டில் ஏற்பாடு ஆகுமானால் அவர் போகலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இளைய பிள்ளை இன்னும் பள்ளி சேரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அந்த ஏற்பாடு ஆகாவிட்டால் இம்முறை உரிமைவிடல் எழுதிக் கொடுத்துவிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் தம் வார்டிலேயே பட்டியல் எழுதும் வேலையையும் இருப்பேட்டையும் பொறுப்பாளரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும், தேர்ந்தபின் மற்றதைப் பற்றித் தினமும் ஏங்க வேண்டாம்.

நிர்வாகக் குழுவினரிடம் ஒரு கோரிக்கை. முறைப் பணிக்குச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மக்தப் மதரஸாவின் இப்போதைய நேரம் பொருந்துவதில்லை. அஸருக்குப் பின் ஒரு வகுப்பும், ஃபஜ்ருக்குப் பின் ஒரு வகுப்பும் வைத்து, இரண்டில் எதற்கு வந்தாலும் வருகை எழுதிக்கொள்ளும்படி செய்தால் போதும். உஸ்தாதுமார்களிடம் பேசியிருக்கிறோம், அவர்களுக்குச் சம்மதம். இரவு முறை முடிந்து அதிகாலை வண்டியில் இறங்கும் பெண்களுக்கு நிலையத்திலிருந்து வீடுவரை துணைக்கு வர நம் இளைஞர்களில் நால்வர் முன்வந்துள்ளனர். ஆட்டோ வைத்திருப்பவர்கள் இஷா தொழுகைக்குப் பின் நம்மைச் சந்தித்துப் பெயர் கொடுக்கவும்.